கப்பு, அறை எண் 27

படுக்கை விரிப்பை உதறும்போது விழுந்ததாம்.
ஸ்கேன் சென்டர் கவர். அதன் பின்பக்கம்
நீலப் பேனாவில் குளியலறைக் கப்பு.
"ஒருத்தன் கப்பைப் போயி வரஞ்சிருக்கான்ணே"
என்று சாவிகளின் மேல் போட்டுவிட்டு
வாளியோடு படியேறினாள் ஒச்சம்மா.

பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
பதினோரு வருஷமாகச் சாவி கொடுக்கிறேன்.
விட்டுப்போன சாமான்களுக்கென்று ஓர் அட்டைப்பெட்டி:
ஒரு பல்செட்டு, ஒற்றைக் கொலுசு,
பாண்டி கோயில் விபூதி, எண்ணமுடியாத சார்ஜர்கள்.
படம் இதுவரை வந்ததில்லை.

சிரித்தேன் முதலில்.
சாமி வரையலாம், நடிகை வரையலாம்,
போனால் போகிறது, தெற்குக் கோபுரத்தை வரையலாம்.
முப்பது ரூபாய்க் கப்பை ஒருவன்
மெனக்கெட்டு உட்கார்ந்து...

பிறகு கைப்பிடியைப் பார்த்தேன்.
ஹீட்டர் கம்பி பட்டு இளகி
ஒருபக்கம் சாய்ந்து இறுகிய இடம்.
அந்த இறுகலின் முதுகில் கடுகளவு மினுமினுப்பு.
அதற்கு மை செலவழிக்கவில்லை,
காகிதத்தை அப்படியே விட்டுவிட்டுச்
சுற்றிலும் இழை இழையாகக் கோடு போட்டிருக்கிறார்.
'வரைந்திருக்கிறான்' என்பது எனக்குள்
எந்தக் கோட்டில் 'வரைந்திருக்கிறார்' ஆனதோ.

கப்பு சிவப்பு. பேனா நீலம்.
பார்க்கப் பார்க்கச் சிவப்பாகத்தான் இருக்கிறது.

வயிற்றில் 27.
போன ஆடியில் வெள்ளை பெயின்ட்டில் நான் எழுதியது.
ஏழின் கால் வழிந்தபோது துடைக்கச் சோம்பல்.
வழிசலும் இருக்கிறது படத்தில்,
அடியில் திரண்டு உறைந்த பொட்டும்.
பேங்கில் இரண்டு முறை திருப்பியனுப்பிய கையெழுத்து.
இத்தனை நிதானமாக
அதை யாரும் வாசித்ததில்லை.

லெட்ஜரைப் புரட்டினேன்.
மொக்கராசு, கோம்பை.
வந்த காரியம்: ஆஸ்பத்திரி.
பதினாறு நாள்.
காலி செய்தது விடிகாலை நாலு பத்து.
அந்நேரத்துக்கு டிஸ்சார்ஜ் எழுதமாட்டார்கள் என்பது
இந்தச் சந்தில் டீக்கடைப் பையனுக்கும் தெரியும்.

முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை.
தினமும் சாவி வாங்கிய ஒரு கை மட்டும்,
அதுவும் பேனா பிடித்த மாதிரி இல்லை.

மேலே போனேன்.
குழாயில் கவிழ்ந்து கிடந்தது கப்பு.
நிரப்பித் தரையில் வைத்தேன், படத்தில் இருப்பதுபோல.
நின்று பார்த்தால் பொருந்தவில்லை.
குனிந்தால் விளிம்பு வட்டம் இன்னும் அகலம்.
கதவுப்படியில், ஈரத்தில், உட்கார்ந்தேன்.
வட்டம் ஒடுங்கி வாழையிலை நுனிபோல ஆனது.
ஏழு சற்றே இடப்பக்கம் திரும்பியது.
ஜன்னல் சதுரம் தண்ணீரில் நாலாக உடைந்தது.

இங்கேதான்.

அப்போதுதான் அந்த விரிசல் கண்ணில் பட்டது,
அடியிலிருந்து விரல் உயரத்துக்கு, மயிரிழை.
நான் பார்த்ததே இல்லை.
படத்தில் இருக்கிறது.
கீழே தரையில் கசிந்து பரவிய ஈரமும் இருக்கிறது,
ஓரத்தில் இருட்டாய், நடுவில் வெளுப்பாய்.
ஆனால் தண்ணீர் மட்டும் விளிம்பு தொட்டு நிற்கிறது.

எனக்கோ பார்த்துக்கொண்டிருக்கையிலேயே
அரை விரற்கடை இறங்கிவிட்டது.

அப்படியானால் அவர்
நாலு கோடு போட்டு எழுந்திருக்க வேண்டும்,
குழாயைத் திறந்து நிரப்பி
அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்து
மறுபடி நாலு கோடு.
கோடுகளை எண்ண ஆரம்பித்தேன்,
கைப்பிடி தாண்டுவதற்குள் விட்டுவிட்டேன்.

வராந்தாவிலிருந்து ஒச்சம்மா கேட்கிறாள்,
ஆளு வந்திருக்கு, இருபத்தேழு ரெடியா என்று.
கவர் நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு
குழாயைத் திறந்தேன்,
இன்னும் ஒரு தடவை.